சகோதரர்கள் தீர்ந்த இடம்

பண்டகத்துறையில் ஃப்ரீமேசன்களின் உள்ளங்கைகளில் சுண்ணாம்புச் சாந்து சுரக்கத் தொடங்கியது, கடல் வந்து கல்லறைத் தோட்டத்தின் மதிலைத் தின்று முடித்த அதே வாரத்தில்தான் என்பதால், குருசடிக்கரை வார்டு கவுன்சிலர் ஜெசிந்தாவுக்கு அதைப் பார்த்து ஆச்சரியப்பட நேரமில்லாமல் போயிற்று. ஊருக்கும் அது பெரிய ஆச்சரியமாக இல்லை. உப்பளத்துக் காற்றும் கருவாட்டு வாடையும் கப்பல் சங்கும் சேர்ந்து வளர்த்த ஊர் அது. பள்ளிவாசல் கிணறு ஒரு கோடை முழுக்கப் பன்னீராய் ஊறியதைப் பார்த்த ஊர், தேரில் போன மாதா மழைக்கு முன்னாலேயே நனைந்து வந்ததைப் பார்த்த ஊர், நாலு பெரிய மனுசர்களின் கை ஈரமாக இருப்பதற்கா வாயைப் பிளக்கப் போகிறது?

முதலில் தெரிந்தது சுதந்திர தினத்தன்று. நகராட்சி முற்றத்தில் கொடியேற்றி முடித்து மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தபோது, சேர்மன் தளவாய் பெரியாஸ்பத்திரி டாக்டர் சுலைமான் லெப்பையின் கையைப் பிடித்துக் குலுக்கினார். குலுக்கிய கை திரும்பி வரவில்லை. இரண்டு கைகளுக்கும் நடுவிலிருந்து வெள்ளையாய், குழைவாய், கடுக்காயும் கருப்பட்டியும் போட்டு அரைத்த பழங்காலத்துச் சாந்தின் மணத்தோடு ஏதோ பிதுங்கி வந்து, கொடிக்கம்பத்து நிழல் நகர்வதற்குள் இறுகிக் கல்லாகிவிட்டது.

“விடுங்க டாக்டர், எல்லாரும் பாக்காவ.”

“நீங்க விடுங்க சேர்மன். நான் எப்பவோ விட்டுட்டேன்.”

எண்ணெய் போட்டுப் பார்த்தார்கள், வெந்நீர் ஊற்றிப் பார்த்தார்கள், பியூன் ஒருவன் உளியைக்கூட எடுத்து வந்துவிட்டான். கடைசியில் சத்துணவுக்கூடத்து சமையல்காரம்மாதான், “பானையில சுண்ணாம்பு பிடிச்சா என்ன செய்வோம்? புளியக் கரைச்சு ஊத்துங்கய்யா” என்று சாம்பாருக்கு வைத்திருந்த கரைசலைத் தூக்கிவந்து ஊற்ற, நுரைத்துப் பொங்கிச் சாந்து விட்டது. அன்றிலிருந்து நகராட்சி வாசலில் ஒரு வாளிப் புளித்தண்ணீர் நிரந்தரமாயிற்று.

பீச் ரோட்டில் நகராட்சிக்கும் கோர்ட்டுக்கும் நடுவில், ரோட்டைப் பார்த்து ஜன்னல் இல்லாத வெள்ளைக் கட்டடம் ஒன்று உண்டு. அதுதான் மேசன்களின் லாட்ஜ், ஒருவரையொருவர் சகோதரர் என்று அழைத்துக்கொள்ளும் அவர்களுடைய ரகசியச் சங்கம் கூடுகிற இடம். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து ஊர் அதைத் தலைவெட்டிக் கோயில் என்றே சொல்லிவந்தது. உள்ளே சேரப் போகிறவனின் தலையை வெட்டுவார்கள் என்று பேச்சு. போனவர்கள் எல்லோரும் தலையோடுதான் திரும்பி வந்தார்கள் என்பது அந்தப் பேச்சைக் கொஞ்சமும் குறைக்கவில்லை, வெட்டிவிட்டுத் திரும்ப ஒட்டிவிடுகிறார்கள் என்று ஊர் சொல்லிக்கொண்டது. யார் யார் உள்ளே போகிறார்கள் என்பது அரைகுறையாகத்தான் தெரியும். இப்போது கை காட்டிக்கொடுத்துவிட்டது. காலையில் எழுந்து கழுவினாலும், மத்தியானம் சாப்பாட்டுக்கு முன் கழுவினாலும், அடுத்த நாழிகையில் உள்ளங்கை வெள்ளையாய் ஊறி நின்றது. ஆகஸ்ட் மாதக் கூட்டத்தில் தீர்மானத்துக்குக் கை தூக்கச் சொன்னபோது, கொக்குக் கூட்டம் கிளம்பியது போல மன்றம் வெளுத்தது.

பெண்களுக்கென்று ஒதுக்கிய வார்டுகளில் பெண்கள்தான் ஜெயித்திருந்தார்கள். ஆனால் கூட்டத்துக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தது அவர்கள் வீட்டுக்காரர்கள். அந்தக் கைகளும் வெள்ளையாகவே இருந்தன. ஜெசிந்தா ஒருத்திதான் தன் நாற்காலியில் தானே உட்கார்ந்தாள். அவள் புருசன் இன்னாசி, குருசடிக்கரையில் ஐஸ் பேக்டரி வைத்திருப்பவன், வெளி வராந்தாவில் டிரைவர்களோடு உட்கார்ந்து தந்தி படித்துக்கொண்டிருப்பான். “என்ன இன்னாசி, உள்ள பொஞ்சாதி ஆட்சி, வெளிய நீ காவலா?” என்று போகிறவன் வருகிறவன் எல்லாம் கேட்டுவிட்டுப் போவான். “ஆமாவே, ஒம் பொஞ்சாதிக்கும் காவல் வேணும்னா சொல்லு, நாக்காலி போட்டுத் தாரேன்” என்று பேப்பரிலிருந்து தலை தூக்காமலே சொல்வான்.

கிதியோன் டீக்கடையில் அந்த மாதம் முழுக்க இதே பேச்சு.

“ஊர்ல நூறு பேரு நடந்தா அதுல ஒருத்தன் வெள்ளக்கையனா இருப்பானா? கவுன்சில்ல மட்டும் ஆள் மாத்தி ஆளு வெள்ளக்கை. அது எப்படிவே?” என்றான் கிதியோன், பாலை ஆற்றிக்கொண்டே.

“லண்டன்லேர்ந்து சேதி வருதாம். யாரு நிக்கணும், யாரு செயிக்கணும்னு அங்கனதான் முடிவு.”

“லண்டன்காரனுக்கு வேற சோலி இல்ல, நம்ம சாக்கடைக்குக் கவுன்சிலர் போட வாரான்.”

“அப்போ உள்ள போயி என்னதான் செய்யுதாவ?”

“சாப்பிடுதாவ. எங்க மச்சான் சமையலுக்குப் போவான்லா. மட்டன் பிரியாணி, புட்டிங்கு. அரசியல் பேசவே கூடாதாம், மதமும் பேசக் கூடாதாம். அது அவுக சட்டம்.”

“பேசாமலே இம்புட்டுன்னா, பேசுனா என்னாவும்?” என்றான் கிதியோன், கடை சிரித்தது, சிரித்துவிட்டு டீயைக் குடித்தது.

ஆனால் எதையும் நாலு நாளைக்கு மேல் கேள்வியாக வைத்துக்கொண்டிருக்கிற ஊர் இல்லை பண்டகத்துறை. அதை ஒரு வேலைக்கு எடுத்துக்கொண்டால்தான் அதற்குத் தூக்கம் வரும். யாரோ ஒருத்தி கீறல் விட்ட ஆட்டுரலைத் தூக்கிக்கொண்டு போய் வெள்ளைக்கை வக்கீல் ஒருவரின் வீட்டு வாசலில் வைத்தாள். வக்கீல் தயங்கித் தயங்கி உள்ளங்கையால் தடவிக் கொடுத்தார், கீறல் இருந்த இடம் தெரியவில்லை. பிறகு ஊரே வந்தது. உடைந்த தொட்டிகளோடும், ஒழுகும் மொட்டைமாடிகளின் முறையீடுகளோடும், பாகம் பிரித்த வீட்டுச் சுவர்களின் வழக்குகளோடும் வந்தது. மாதா கோயில் கோபுரத்தில் நெடுநாளாய் ஓடிக் கிடந்த விரிசலை டாக்டர் சுலைமான் லெப்பை ஏணியில் ஏறித் தடவி மூடினார். பள்ளிவாசல் தொழுகை மண்டபத்துத் தூணைச் சேர்மன் தளவாய் மூடினார். அன்றைக்கு ஊர் கொஞ்சம் அழக்கூடச் செய்தது. உண்மையான கொத்தனார்கள் சங்கம் கூடி, தங்கள் பிழைப்பில் மண் விழுகிறது என்று கலெக்டருக்கு மனு கொடுத்தார்கள். ஒன்று மட்டும் எல்லோருக்கும் சீக்கிரமே விளங்கியது: அந்தச் சாந்து ஏற்கனவே நிற்கிற எதையும் ஒட்டும், புதிதாக ஒன்றையும் கட்டாது. ஒரு செங்கல்மேல் இன்னொரு செங்கல்லை வைத்துத் தடவினால் வழுக்கிக்கொண்டு விழுந்தது.

விளங்கியும் பயனில்லை. வடக்குத் தெருக் கவுன்சிலர் மாரடைப்பில் போய் இடைத்தேர்தல் வந்தபோது, ஓட்டுக் கேட்டு வந்தவர்களிடம் ஜனங்கள் முகத்தைப் பார்க்கவில்லை, “கையைக் காட்டுங்க” என்றார்கள். உலர்ந்த கையோடு வந்த ஒரு நல்ல வாத்தியார் டெபாசிட் இழந்தார். வெற்றிலைக் கடைச் சுண்ணாம்பைப் பூசிக்கொண்டு வந்த ஒருவர் கை வெந்து ஆஸ்பத்திரியில் படுத்தார், அனுதாபத்தில் அவருக்கும் கொஞ்சம் ஓட்டு விழுந்தது. வெள்ளைக்கை எப்படி இத்தனை பேர் என்று கேட்ட வாய்களே வெள்ளைக்கைக்கு ஓட்டுப் போட்டுவிட்டு வந்து கிதியோன் கடையில் டீ சொன்னார்கள்.

ஜெசிந்தா இதையெல்லாம் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குருசடிக்கரையின் கல்லறைத் தோட்டம் கடலை ஒட்டியது. கடலுக்குப் பக்கத்து வரிசை குழந்தைகளுடையது. சம்மனசு வரிசை, அதாவது தேவதூதர்களின் வரிசை, என்பார்கள். பெரியவர்களுக்குக் கடல் இரைச்சல் தூக்கத்தைக் கெடுக்கும், குழந்தைகளுக்கு அது தாலாட்டு என்று யாரோ ஒரு காலத்தில் அப்படி ஒதுக்கியிருந்தார்கள். அந்த வரிசையின் வடக்குக் கோடியில் அமலி இருந்தாள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற வயசு வருவதற்குள் மஞ்சள் காமாலையில் போனவள், அவர்களுக்கு ஒரே பிள்ளை. அவளுக்குப் பிறகுதான் ஜெசிந்தா அழுகிற வாயை அடைத்துக்கொண்டு மனு எழுதுகிற பொம்பளையானாள், மனு எழுதி எழுதித்தான் கவுன்சிலர் ஆனாள். அவள் கேட்டது ஒன்றே ஒன்று: கல்லறைத் தோட்டத்துக்கு முன்னால் பாறாங்கல் போட்டு ஒரு தடுப்புச் சுவர், மழைக்காலத்துக்கு முன்னால். ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து நின்று கேட்டாள். ஒவ்வொரு கூட்டத்திலும் “ஆவன செய்யப்படும்” என்று பதில் வந்தது. மதில் ஏற்கனவே போய்விட்டது. இனி மண் மட்டும்தான்.

“நான் போய்ச் சேந்துருதேன்” என்றான் இன்னாசி ஒரு நாள், சோற்றைப் பிசைந்தபடி.

“எங்க?”

“லாட்ஜுலதான். கோயில்பிள்ள எனக்காக நிப்பாரு. அவரு பண்ணை எறாலுக்கு நம்ம ஐஸ்தான போகுது.”

“தல வெட்டுற எடத்துக்கா போகப் போறிய?”

“வெட்டுனா வெட்டட்டும். இந்தத் தலைய வச்சுக்கிட்டு அவளுக்கு ஒரு செவரு கட்ட முடியலயே.”

அவள் குழம்பை ஊற்றினாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. பிற்பாடு எத்தனையோ தடவை அந்தக் குழம்புக் கரண்டியை நினைத்துக்கொள்வாள், அதற்குப் பதில் வாயைத் திறந்திருக்கலாமே என்று. ஆனால் அன்றைக்கு அவளுக்கும் ஆசை இருந்தது. “விட்டா நானே போயிருவேன். பொம்பளைகள சேக்க மாட்டாவளாமே” என்று மட்டும் சொன்னாள்.

போய் வந்த அன்று, வாசலிலேயே நிறுத்தி அவன் கழுத்தைச் சுற்றிலும் தடவிப் பார்த்தாள். தழும்பு எதுவும் இல்லை.

“உள்ள என்ன செஞ்சாவ?”

“சொல்லக் கூடாது, ஏளா.”

கலியாணமாகி இத்தனை வருசத்தில் அவன் அவளிடம் சொல்லக் கூடாததென்று ஒன்று அன்றைக்குத்தான் அந்த வீட்டுக்குள் வந்தது. வந்து, மூன்றாவது ஆள் போலக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டது.

“ஆனா நல்ல மனுசங்கதான் ஜெசி. டாக்டரு, வக்கீலு, சேர்மனு, அத்தன பேரும் எந்திரிச்சு நின்னு எனக்குக் கை குடுத்தாவ. அண்ணேன்னு கூப்பிட்டாவ. நான் தனிப்பிள்ளையா வளந்தவன்லா. என்னய யாரும் அண்ணேன்னு கூப்பிட்டதே இல்ல.” சொல்லும்போது அவன் முகத்தில் அவள் ரொம்ப நாளாய்ப் பார்க்காத ஒரு வெளிச்சம் இருந்தது; சுவருக்காகப் போனவன் சுவரை மறந்து இரண்டு நிமிசம் சந்தோசமாக இருந்தான், அதை அவளால் குற்றம் சொல்ல முடியவில்லை.

மறுநாள் காலை அவன் உள்ளங்கையும் வெளுத்திருந்தது. கொல்லைப்புறத்தில் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, காயாத கோலத்தைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு சிரித்துக்கொண்டே வந்து அவள் கன்னத்தைத் தொட்டான், அவள் அலறிவிட்டாள். வெந்து சிவந்த கன்னத்தில் தேங்காய் எண்ணெய் தடவும்போது, கையை ஒரு அடி தள்ளிப் பிடித்தபடி அவன் அழுதான். சகோதரர்களின் கையில் ஒட்டுவது மற்றவர்களின் தோலைச் சுட்டது. அதன்பிறகு இன்னாசி இரண்டு கைகளையும் பாயில் மல்லாத்தி வைத்துக்கொண்டு, சிலுவையிலிருந்து இறக்கிக் கிடத்திய ஆளைப் போலத் தூங்கப் பழகினான்.

சுவர்த் தீர்மானம் அடுத்த கூட்டத்திலேயே ஒருமனதாக நிறைவேறியது. சேர்மன் தளவாய் எழுந்து நின்று, “நம்ம இன்னாசி கேட்டு இல்லன்னு சொல்ல முடியுமா?” என்றார். ஜெசிந்தா மாதக்கணக்காகக் கேட்டது யாருக்கும் நினைவில்லை, அவளுக்கும் அன்றைக்கு அது பெரிதாகப் படவில்லை. மாதா கோயிலுக்கு ஒரு கட்டு மெழுகுவர்த்தி வாங்கிக் கொடுத்துவிட்டு வந்து லாரிச் சத்தத்துக்காகக் காத்திருந்தாள்.

லாரிகள் வந்தன. பாறாங்கல் பாறாங்கல்லாய் ஏற்றிக்கொண்டு, குருசடிக்கரைக்குத் திரும்புகிற முக்கில் திரும்பாமல், தெற்கே கோயில்பிள்ளையின் இறால் பண்ணையை நோக்கிப் போயின. ஒரு வாரம் போயின. கரையில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்து, “தெக்க கல்லப் போட்டா கடலு வடக்கத் தின்னும்” என்று சொல்லிவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்கள்.

ஜெசிந்தா சேர்மன் அறைக் கதவைத் தட்டாமல் திறந்தாள்.

“உக்காருங்கம்மா” என்றார் தளவாய்.

“கல்லு எங்க போவுது?”

“கோயில்பிள்ளையும் கேட்டாரும்மா. உங்க வீட்டுக்காரருக்கு முன்னாலயே கேட்டாரு. நான் சரின்னு சொல்லிட்டேன். அப்புறம் இவரு கேட்டாரு, இவருக்கும் சரின்னு சொன்னேன். ரெண்டு பேரும் சகோதரங்க. யாருக்கு இல்லன்னு சொல்லச் சொல்லுதிய?”

“அப்போ எங்களுக்கு?”

“உங்களுக்கும் இல்லன்னு சொல்லலியே. இருக்கிற கல்லு ஒரு செவருக்குத்தான் காணும். அடுத்த வருசம் வாங்கிருவோம்.” அவர் கெட்டவர் இல்லை. சொல்லும்போது அவர் கண்கள் உண்மையாகவே கலங்கின. துடைக்கக் கையைத் தூக்கி, கை வெள்ளையாய் இருப்பதைப் பார்த்துவிட்டு, அப்படியே மேசைமேல் வைத்துக்கொண்டார்.

அவள் நடந்தே திரும்பினாள். பீச் ரோட்டில் நகராட்சி, அதையடுத்து லாட்ஜ், அதையடுத்து கோர்ட், எதிரே கிளப், கிளப்புக்குப் பின்னால் அந்த நாலு தெரு. வக்கீலும் டாக்டரும் மண்டிக்காரரும் உப்பளக்காரரும் குடியிருக்கிற தெரு. எத்தனையோ வருசமாய் நடந்த ரோட்டை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு நடந்தாள்.

இன்னாசி பேக்டரியில் ஐஸ் பாளங்களுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தான். அவனுக்கு ஏற்கனவே தெரிந்திருந்தது.

“லாட்ஜுல கேட்டியளா?” என்றாள்.

“உள்ள இதெல்லாம் பேசக் கூடாது ஜெசி. வெளிய வச்சுக் கேட்டேன். கோயில்பிள்ள என்னயக் கட்டிப்பிடிச்சு அழுதாரு. அவருக்கும் பண்ணை போயிரும்லா.”

“கிதியோன் கடையில கேக்காவல்லா, எப்படி கவுன்சில் முழுக்க அவுகளா இருக்காவன்னு. எனக்கு வெளங்கிப்போச்சு. லண்டனும் இல்ல, மந்திரமும் இல்ல. லாட்ஜுக்காரன் கவுன்சிலுக்கு வரல. கவுன்சிலுக்கு வார நாலு தெருக்காரன்தான் லாட்ஜுக்கும் போறான். ரெண்டுக்கும் சாயங்காலம் சும்மா இருக்கணும், ஒரு கோட்டு இருக்கணும், ‘வாங்க’ன்னு சொல்ல ஏற்கனவே உள்ள ஒருத்தன் இருக்கணும். அங்க போனப்புறம் ஒருத்தனுக்கொருத்தன் இல்லன்னு சொல்ல முடியாது. சதி எல்லாம் ஒண்ணுமில்ல, வெறும் பாசந்தான். நம்ம கரையிலேர்ந்து இதுக்கு முன்ன ஒரு ஆளு அங்க போயிருக்கா?”

“நான் போயிருக்கேனே.”

“ஆமா, நீங்க போயிருக்கிய. அங்க ஒரு ஆளு கூடல. இங்க ஒரு ஆளு கொறஞ்சுபோச்சு.”

அவன் ஐஸ் பாளத்தின்மேல் உள்ளங்கையை வைத்தான். அதன் நடுவில் ஓடியிருந்த கீறல் ஒன்று சத்தமில்லாமல் மூடிக்கொண்டது.

ஐப்பசி வந்தது. கல்லறைத் திருநாள் காலையில், குருசடிக்கரை ஜனமெல்லாம் பூவும் மெழுகுவர்த்தியுமாய்த் தோட்டத்தில் நின்றிருக்க, சாமியார் ஒவ்வொரு கல்லறையாய்த் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வந்தபோது, கடல் எழுந்தது. புயலும் இல்லை, மழையும் இல்லை. தெற்கே புதுச் சுவரில் முட்டித் திரும்பிய தண்ணீர், வேறு போக்கிடம் இல்லாமல், கேட்டுக் கேட்டுக் கிடைக்காத ஒரு ஆளைப் போல வடக்கே வந்தது. முதல் அலை வரிசைக்கு முன்னாலிருந்த மண்ணை எடுத்தது. இரண்டாவது, மெழுகுவர்த்திகளை அணைத்தது.

இன்னாசி போனை எடுத்தான். கையெல்லாம் சாந்து, பித்தானை அமுக்க முடியவில்லை. ஜெசிந்தாதான் ஒவ்வொரு பேராய் அமுக்கி அவன் காதில் வைத்தாள். அவன் எல்லோரிடமும் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னான்: “அண்ணே, எம்பிள்ள போவுது.”

வந்தார்கள். அதைச் சொல்லத்தான் வேண்டும், ஒருத்தர் விடாமல் எல்லோரும் வந்தார்கள். டாக்டர் வார்டில் நோயாளியைப் பார்த்துக்கொண்டிருந்தபடியே கழுத்தில் ஸ்டெதஸ்கோப்போடு வந்தார், வக்கீல் கறுப்பு அங்கியோடு வந்தார், சேர்மன் செருப்பில்லாமல் வந்தார், கோயில்பிள்ளை காரிலிருந்து இறங்கும்போதே “நான் கல்லக் கேட்டது இதுக்கில்லண்ணே, சத்தியமா இதுக்கில்ல” என்று அழுதுகொண்டு வந்தார். அலைக்கு முகத்தைக் காட்டினால் மூச்சு முட்டும், முதுகைத்தான் காட்ட வேண்டும் என்று கரைக்காரர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். கடலுக்கு முதுகும் கல்லறைகளுக்கு முகமுமாய் வரிசையாய் நின்று, ஒருவர் கையை ஒருவர் பிடித்தார்கள். பிடித்த கைகளிலிருந்து சாந்து பொங்கியது. அதுவரை யாரும் பார்த்திராத அளவுக்குப் பொங்கி, முழங்கைக்கு ஏறி, தோளுக்கு ஏறி, தோளுக்கும் தோளுக்கும் நடுவில் இறங்கி, இடுப்பையும் காலையும் மணலோடு சேர்த்துப் பூசி, கழுத்துவரை இறுகிற்று. புதிதாய் ஒன்றும் கட்டாத சாந்து அன்றைக்குக் கட்டியது, ஏனென்றால் கல்லாக அவர்களே நின்றார்கள். மூன்றாவது அலை வந்து அந்தச் சுவரில் மோதி, உடைந்து, திரும்பிப் போனது. குருசடிக்கரை ஜனம் மண்டியிட்டது.

பெரியவர்களின் கல்லறைகளுக்கு முன்னால் சுவர் இருந்தது. சம்மனசு வரிசையின் முக்கால் பாகத்துக்கு முன்னாலும் இருந்தது. அதற்குமேல் இல்லை. கடைசியாக நின்றவன் இன்னாசி. அவன் இடது கை கோயில்பிள்ளையின் கைக்குள் கல்லாகியிருந்தது, வலது கை வெறுமனே நீட்டியபடி இருந்தது. சகோதரர்கள் தீர்ந்த இடத்தில் சுவரும் தீர்ந்துவிட்டது. அமலி அதற்கு அந்தப் பக்கம் இருந்தாள்.

“யாராச்சும் பிடிங்க!” என்றான் இன்னாசி. “யாராச்சும் பிடிங்கய்யா!”

ஜெசிந்தா ஓடிப்போய்ப் பிடித்தாள். அவளுக்குப் பின்னால் ஐஸ் பேக்டரிப் பெண்கள், வலைக்காரர்கள், பூ விற்கிறவள், தீர்த்தச் செம்பைக் கீழே வைத்துவிட்டுச் சாமியார், எல்லோரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்தார்கள். சாந்து அவள் உள்ளங்கையைச் சுட்டது. தோல் வேகிற வாடை அவளுக்கே அடித்தது. விடவில்லை. ஒட்டட்டும், ஒரே ஒரு தடவை ஒட்டட்டும், நானும் இந்தக் கவுன்சிலில்தானே உட்கார்ந்திருந்தேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினாள்.

“சாந்து பிடிக்கா, ஏளா?”

“பிடிக்கல.”

“இன்னும் இறுக்கு.”

“இறுக்கித்தான் இருக்கேன்.”

நாலாவது அலை சுவரின் ஓரத்தைத் தேடிக் கண்டுபிடித்து, ஈரக் கைகளின் சங்கிலியை அறுத்து உள்ளே புகுந்தது. புகுந்த வேகத்தில் திரும்பியபோது, வரிசையின் வடக்குக் கோடியை மண்ணோடு, சின்னச் சிலுவைகளோடு, அன்று காலை வைத்த செவ்வந்திப் பூக்களோடு அள்ளிக்கொண்டு இன்னாசியின் முதுகுப் பக்கமாய்ப் போயிற்று. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவன் பார்க்க முடியாத பக்கத்துக்குப் போயிற்று. அவன் திமிறினான். கோயில்பிள்ளையின் கை விடவில்லை. கோயில்பிள்ளை விட விரும்பினார், “விட்டுட்டேண்ணே, நான் விட்டுட்டேண்ணே” என்று கதறினார், கை விடவில்லை. புளித்தண்ணீர் வாளி பீச் ரோட்டில், நகராட்சி வாசலில் இருந்தது.

ஜெசிந்தா தன் கையைப் பார்த்தாள். வெந்து உரிந்து, எதிலும் ஒட்டாமல் இருந்தது. அவளால் விட முடிந்தது. விட்டுவிட்டுக் கடலுக்குள் போனாள். 

இடுப்பளவுத் தண்ணீரில் பேர் எழுதிய வெள்ளைச் சிலுவைப் பலகை ஒன்று புரண்டதைப் பார்த்தாள், அதை நோக்கிப் பாய்ந்தாள், அதில் இருந்தது வேறு யாருடைய பிள்ளையின் பேரோ. செவ்வந்திப் பூக்கள் சுற்றிச் சுற்றி வந்தன. முங்கிக் கைகளால் துழாவினாள், மணல் வந்தது, திரும்பத் திரும்ப மணல்தான் வந்தது. மூச்சு முட்டி எழுந்து, மறுபடி முங்கி, மறுபடி எழுந்தபோது கடல் காரியம் முடிந்த ஆளைப் போல அமைதியாகிவிட்டிருந்தது. பலகையும் இல்லை, பூவும் இல்லை.

கரைக்கு வந்தாள். இன்னாசியின் முதுகுதான் முதலில் தெரிந்தது, சாந்து பூசிய, அசையாத முதுகு. அவனுக்குப் பக்கத்தில் வரிசையாக அத்தனை முதுகுகள். யாருக்கும் கழுத்து திரும்பவில்லை. எதிரே நின்ற குருசடிக்கரை ஜனம் அவளைப் பார்த்தது, அவள் வெறுங்கையைப் பார்த்தது.

“ஜெசி?” என்றான் அவன், தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டு. “ஜெசி, நீயா?”

“நான்தான்.”

“கெடச்சாளா?”

அவள் குனிந்தாள். வெந்த கையால் ஈர மணலை இரண்டு கை அள்ளி முந்தானையில் போட்டாள். இன்னும் ஒரு கை அள்ளினாள். முடிச்சுப் போட்டு வயிற்றோடு சேர்த்து வைத்துக்கொண்டாள். அவன் முன்னால் போகவில்லை. பின்னாலேயே நின்று, நெற்றியை அவன் முதுகில் சாய்த்தாள். இறுகிப்போன சாந்து அவளைச் சுடவில்லை.

“கெடச்சா” என்றாள்.

“எங்க?”

“எம் மடியில இருக்கா.”

அவன் முதுகு குலுங்கியது. கூடவே கோயில்பிள்ளையின் தோளும், சேர்மனின் தோளும், டாக்டரின் தோளும், ஒட்டிய சுவர் முழுவதும் ஒரு தடவை குலுங்கி நின்றது. பிறகு அவன் கேட்டான்:

“கனக்காளா?”

“இல்லங்க” என்றாள் ஜெசிந்தா. “பொறந்தன்னைக்கு இருந்தாளே, அம்புட்டுதான்.”